கறை படாத கண்ணாடி

பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே வாழையிலை. அதற்குள் பழைய நோட்டுத் தாள். அதற்குள் ஒரு வெள்ளைத் துணி. துணிக்குள் நான் கொடுத்து வைத்திருந்த கண்ணாடி ஸ்லைடு. துணைக்கு நாலு பேரிக்காய்.

ஸ்லைடை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வெளியே நின்ற சில்வர் ஓக் மரம் தெரிந்தது. மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடி தெரிந்தது. கீழே நிறுத்தியிருந்த என் பைக்கின் நம்பர் பிளேட்கூடத் தெரிந்தது. தெரிய வேண்டிய ரத்தம் மட்டும் தெரியவில்லை.

"ஏனுங்க முருகேசன், இதுல ரத்தம் எங்கீங்க?"

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. கோபத்தின் அளவைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முருகேசன் எங்கள் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர். ஸ்லைடை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நொம்பச் சுத்தமா இருக்குதுங்க சார்" என்றார், பாராட்டுகிற மாதிரி.

போன மழைக்காலம். பகல் முழுக்க ஏற்காடு மலையின் அந்தக் கோடியில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, பூட்ஸெல்லாம் சேறாகத் திரும்பியிருந்தேன். மணி நாலு இருக்கும். மதியச் சாப்பாடு இன்னும் டப்பாவிலேயே இருந்தது.

இந்தத் தொடரில் நாய்க்கடியைப் பற்றி எழுதிய வாரத்தில் ஒரு வாசகி, 'டாக்டர், நீங்கள் ஏன் எப்போதும் எரிந்து விழுகிறீர்கள்?' என்று கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். அம்மா, மன்னிக்க வேண்டும். இந்த வாரமும் அப்படித்தான்.

ஒரு சொட்டு போதும்

மாட்டைப் பால் பாக்கெட்டில் மட்டுமே பார்த்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்.

மழைக்காலத்தில் மலையில் உண்ணி பெருகும். மாட்டின் காது மடல், வால் அடி, மடிக்குப் பக்கம் என்று மெத்தென்ற இடமாகப் பார்த்துக் கடித்துக்கொண்டு தொங்கும். ரத்தம் குடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. குடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்றை மாட்டின் ரத்தத்துக்குள் இறக்கிவிட்டுவிடும். அது ரத்த அணுவுக்குள் புகுந்து, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மாட்டுக்குக் காய்ச்சல் கொதிக்கும். தீனி எடுக்காது. கண் வெளுத்துப் போகும்.

இந்த ஒட்டுண்ணிகளில் எங்கள் மலையில் இரண்டு வகை அடிக்கடி வரும். இரண்டுக்கும் காய்ச்சல் ஒன்று போலத்தான் இருக்கும். மருந்துதான் வேறு வேறு. ஒன்றின் மருந்து மற்றதைத் தொடக்கூடத் தொடாது. தப்பான ஊசியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கி எழுவதற்குள் மாடு படுத்துவிடும்.

ஆகவே ரத்தத்தைப் பார்க்க வேண்டும். காது நுனியில் ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டு. அதைக் கண்ணாடியில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் ஓரத்தால் மெல்லிசாக இழுத்துவிட்டு, காயவைத்தால் முடிந்தது. மற்றதைச் சாயமும் மைக்ராஸ்கோப்பும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு ஆள் எத்தனை கிராமத்துக்கு ஓட முடியும்? அதனால் கோடையில் கிளியூரில் ஒரு முகாம் வைத்து, விருப்பப்பட்டவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கு இரண்டு ஸ்லைடும் ஊசியும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இது விதிமுறையில் இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம். அன்று அரை மணி நேரம் பேசினேன். அதில் பாதி நேரம் சுத்தத்தைப் பற்றி. எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

டாக்டர் வருகிறார் என்றால்

மாட்டு வைத்தியத்துக்கு இந்த மலையில் பெரிய இடைஞ்சல் மரியாதைதான்.

டாக்டர் வருகிறார் என்று தெரிந்தால் போதும். மாட்டைக் குளிப்பாட்டுவார்கள். அதற்குக் காய்ச்சலாக இருந்தாலும் சரி, வெளியே குளிர் எலும்பைக் குடைந்தாலும் சரி. உடம்பில் இருக்கிற உண்ணியையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். சாணி எந்த நிறம், கழிச்சலா கட்டியா என்று நான் பார்ப்பதற்குள் தரையைக் கழுவி, எஸ்டேட் பங்களாவிலிருந்து வாங்கி வந்த பினாயிலையும் ஊற்றிவிடுவார்கள். நெற்றியில் பொட்டு வேறு. நான் போய் நிற்கும்போது மாடு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிற்கும். என்ன வியாதி என்று அதன் முகத்தைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் வந்தபோது பிழைத்தேன் என்று நினைத்தேன். 'மாடு எப்படி இருக்கோ அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க' என்றேன். குளித்த மாட்டின் போட்டோ வந்தது. பக்கத்தில் குடும்பமே வரிசையாக நின்றுகொண்டிருந்தது. ஒருத்தர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைக்கூடப் புதிதாக மாற்றியிருந்தார். அந்த மாட்டுக்கு வந்திருந்தது வாலில் புண். போட்டோவில் வால் இல்லை.

குறை சொல்கிறேனே தவிர, நானும் இந்த மண்ணுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி என்று சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி முகச் சவரம் செய்துகொண்டேன். டாக்டர் 'என்ன பண்ணுது?' என்று கேட்டதற்கு, 'பெருசா ஒண்ணுமில்லைங்க' என்று சிரித்தேன். என் மனைவி மட்டும் உள்ளே வந்திருக்காவிட்டால் இந்தத் தொடரை வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

"அதெல்லாம் போகுதுங்க"

அந்தப் பொட்டலத்தை அனுப்பியவர் கிளியூர் பழனியம்மா. வீட்டுக்காரர் மாரப்பன் ஏற்காடு டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். பழனியம்மா காப்பித் தோட்டத்து வேலைக்குப் போவார். வீட்டில் ஒரே ஒரு கலப்பின மாடு, பெயர் செவலி, ஏழு மாதச் சினை. கீழே சேலத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு, இந்த முறை பெண் கன்று பிறந்தால் அதைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மகளின் மாமியார் வீட்டில் கொட்டகை போட்டுக் காத்திருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் பழனியம்மாவே போன் செய்திருந்தார்.

"சாருங்க, கும்புடறனுங்க. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறேன். சொல்லுங்கம்மா."

"ஊட்ல அம்மிணி, புள்ளைங்க எல்லாரும் சொகந்தானுங்களா?"

"எல்லாரும் சொகம். மாட்டுக்கு என்ன?"

"மாடும் நல்லா இருக்குதுங்க."

இங்கே அவசரப்படக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

"என்னன்னா, நேத்துல இருந்து தீனி மட்டும் எடுக்கலீங்க. ஒடம்பு நெருப்பாட்டக் கொதிக்குதுங்க. மூச்சு வேகமா வாங்குதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

"மூத்திரம் எப்படிப் போகுது?"

"அதெல்லாம் போகுதுங்க" என்றார், வேகமாக.

மறுநாள் தடுப்பூசி முகாம் என்பதால், காதில் ரத்தம் எடுத்து மாரப்பனிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன். சாயங்காலம் வந்து பார்த்துவிடுவதாகச் சொன்னேன். அவரும் அனுப்பினார். எப்படி அனுப்பினார் என்பதைத்தான் மேலே சொன்னேனே.

மாரப்பனைப் போனில் பிடித்துக் கத்தினேன். "ரத்தத்தை எடுத்து அனுப்பச் சொன்னா கண்ணாடியைக் கழுவி அனுப்பி வெச்சிருக்கீங்க! நான் இதுல மூஞ்சியப் பாத்துத் தலை சீவறதா?" அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். சண்டைக்காவது வர மாட்டாரா என்றிருந்தது.

கத்தி முடித்தபோது மணி நாலரை. மருந்தகத்திலிருந்து கிளியூர் மூன்று கிலோமீட்டர். வெளிச்சம் இருந்தது. வண்டியில் பெட்ரோல் இருந்தது. எனக்கு முதுகு வலித்தது, பசித்தது, எல்லாவற்றுக்கும் மேல் கோபம் இருந்தது. "கழுவுனாங்கல்ல, நாளைக்குக் காலையில போய்க்கலாம்" என்று முருகேசனிடம் சொல்லி, மாரப்பனுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இந்த இடத்தை எழுதும்போது கை தயங்குகிறது. இருந்தாலும் நடந்தது இதுதான்.

கொல்லையில் ஒரு சாக்கு

காலையில் ஒண்டிக்கடை முக்கைத் தாண்டியதுமே மூடுபனி. முன்னால் போகும் டூரிஸ்ட் வேனின் பின்விளக்கைப் பார்த்தே வண்டி ஓட்டினேன். பின்னால் முருகேசன் மருந்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பயந்தபடியே கொட்டகை பளபளவென்றிருந்தது. பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. செவலி சொட்டச் சொட்ட நனைந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. நெற்றியில் குங்குமம்.

"ஏம்மா, காய்ச்சல் மாட்டை இந்தக் குளுருல யாராவது குளிப்பாட்டுவாங்களா?"

"நீங்க வர்றீங்கன்னு ஊட்டுக்காரரு சொன்னாருங்க..." என்றார் பழனியம்மா. அவர் கையில் இன்னும் சொம்பு இருந்தது.

தெர்மாமீட்டர் வைத்தேன். நல்ல காய்ச்சல். கண்ணின் உட்பக்கம் வெளுத்துக் கிடந்தது. தோளுக்கு முன்னால் லேசாக நெறி கட்டியிருந்தது. இரண்டு வியாதியில் எதுவாகவும் இருக்கலாம். நெறி ஒரு பக்கம் இழுத்தது, வெளுப்பு இன்னொரு பக்கம் இழுத்தது. மூத்திரம் விடுகிறதா என்று கால் மணி நேரம் மாட்டின் பின்னாலேயே நின்றேன். என்னை வைத்துக்கொண்டு அது விடவில்லை. அதற்கும் மரியாதை தெரிந்திருந்தது.

"உண்ணி இருந்துச்சா?"

"எல்லாத்தையும் புடுங்கிட்டனுங்க. ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் பெருமையாக.

காதில் குத்தி நானே ரத்தம் எடுத்தேன். அது தண்ணீராக ஓடியது. ஸ்லைடில் இழுத்துவிட்டேன். பனிக்காற்றில் அது காய்வேனா என்றது. முருகேசன் அதை ஒரு நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அடக்க முடியாமல் கேட்டேன்.

"இப்படித்தானே எடுக்கச் சொன்னேன்? இதை ஏம்மா கழுவுனீங்க?"

"கழுவலீங்க. தொடச்சனுங்க." அவர் குரல் இறங்கியது. "நீங்கதானுங்க முகாம்ல சொன்னீங்க, கண்ணாடி சுத்தமா இருக்கோணும், கறை படக்கூடாதுன்னு. நீங்க சொன்னாப்பலயே ரத்தத்த வெச்சு இழுத்தனுங்க. பாத்தா ஒரே கறையா இருந்துச்சு. ரத்தம் பட்டாச்சு, மிசின்ல வெச்சா எப்படியும் தெரிஞ்சுருமுன்னு தொடச்சுக் குடுத்தனுங்க."

அந்த அரை மணி நேரப் பேச்சில், ரத்தம் வைப்பதற்கு *முன்னால்* சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முருகேசனைப் பார்த்தேன். அவர் நோட்டை இன்னும் வேகமாக விசிறினார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொட்டகையின் பின்பக்கம் போனேன். அங்கே காப்பிச் செடிகளுக்கு நடுவில், மூடுபனிக்குள், ஒரு சாக்கு சுருட்டிப் போட்டிருந்தது. மாட்டுக்கு அடியில் விரிக்கிற சாக்கு. அவசரத்தில் துவைக்க நேரமில்லாமல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தள்ளியிருக்கிறார்கள். காலால் விரித்தேன். பாதிச் சாக்கு கட்டங்காப்பி கொட்டியது போல இருந்தது. ஓரத்தில் சிவப்பு.

"பழனியம்மா! இது என்ன?"

ஓடி வந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதப் போயி ஏனுங்க பாக்கறீங்க, அசிங்கமுங்க..."

"மூத்திரம் இந்தக் கலர்ல எத்தனை நாளாப் போகுது?"

"மூணு நாளா. ஆம்பளைங்ககிட்ட, அதும் டாக்டருகிட்ட, எப்புடிங்க அதச் சொல்றது?"

உடைந்த ரத்த அணுவெல்லாம் மூத்திரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு வகையில் ஒன்றில்தான் இப்படிப் போகும். போனில் 'காப்பிக் கலர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஸ்லைடே தேவைப்பட்டிருக்காது. மூன்று நாளாக அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது, என் மேல் இருக்கிற மரியாதையால்! தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பழனியம்மா பயந்துபோய் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

அங்கேயே, அந்த நோய்க்கான ஊசியைச் செவலியின் கழுத்துத் தசையில் ஆழமாகப் போட்டேன். மாட்டைத் துடைத்து, காய்ந்த சாக்கைப் போர்த்தச் சொன்னேன். 'துடைக்க வேண்டியது இதைத்தான்' என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜோடிப் பேரிக்காய்

திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை. மழை நாளில் இருந்தால்தான் செய்தி. மைக்ராஸ்கோப்பின் அடியில் முருகேசனின் செல்போன் டார்ச்சை வைத்தோம். சாயம் போட்டு ஊறவைத்த ஸ்லைடைக் கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினேன். முதலில் தெரிந்ததெல்லாம் சாயத் தூசி. அதையே நோய் என்று எழுதிவிட்ட நாட்களும் என் சர்வீஸில் உண்டு. அதை இன்னொரு வாரம் எழுதித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பிறகு தெரிந்தது. இளஞ்சிவப்பு அணுவுக்குள் ஊதா நிறத்தில் இரண்டு பேரிக்காய்கள், காம்புப் பக்கம் ஒட்டிக்கொண்டு. பக்கத்து அணுவில் இன்னொரு ஜோடி. அந்த ஒட்டுண்ணியின் உருவம் அதுதான், சந்தேகமே இல்லை. போட்ட ஊசி சரிதான்.

"பாருங்க முருகேசன். இதை நேத்தே பாத்திருப்போம். தொடச்சுத் தொலைச்சாங்களே!"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மெதுவாகச் சொன்னார். "சார், தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்சனுக்கு வர்றாருன்னு நாமளும் கிளியூர் முகாம்ல எடுத்த பழைய ஸ்லைடெல்லாம் கழுவி அடுக்கி வெச்சமுங்களே. நீங்கதானுங்க, பளபளன்னு இருக்கட்டும்னு சொன்னீங்க."

ஆமாம். கழுவினோம். அந்தக் கிராமத்தில் கோடையிலேயே இந்த நோய் இருந்ததா என்று திருப்பிப் பார்க்க ஒரு ஸ்லைடு மிச்சமில்லை. ஆபீசர் அலமாரியைப் பார்த்து, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு, லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போய்விட்டார்.

பழனியம்மா கொடுத்த பேரிக்காயில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். பதில் சொல்லாமல் இருக்க அது உதவியது.

கோலம்

மறுநாள் போன் செய்தேன். "காச்சல் எறங்கிருச்சுங்க, தீனி எடுக்குதுங்க." அடுத்த வாரம் செய்தேன். "நல்லா இருக்குதுங்க சார்." நானும் நம்பினேன். பதிவேட்டில் 'குணம்' என்று எழுதினேன். இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தும் அந்த வார்த்தையை நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் ஊறும் டானிக்கோடு போனேன். போகும் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: நான் வரும்போது எதையும் கழுவக் கூடாது, மாட்டைத் தொடக்கூடக் கூடாது. கேட்டிருந்தார்கள். கொட்டகையில் சாணி போட்டது போட்டபடி கிடந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சாணியைச் சுற்றி அழகாக ஒரு புள்ளிக்கோலம் போட்டிருந்தார் பழனியம்மா.

வாய்விட்டுச் சிரித்தேன். முருகேசனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே செவலியைப் பார்த்தேன். கண்ணின் உட்பக்கம் சிவப்பு திரும்பியிருந்தது, ரோமம் மின்னியது. வயிறு ஒட்டிக் கிடந்தது.

எட்டு மாதத்தை நெருங்கிய சினை மாட்டின் வயிறு அப்படி இருக்காது.

"கன்னு எங்கம்மா?"

பழனியம்மா கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊசி போட்ட நாலாம் நாளுங்க. கொறைமாசத்துல போட்டுருச்சுங்க. பொட்டைக் கன்னுங்க. காச்சல்ல வெந்துருச்சு போல."

"நஞ்சுக்கொடி?"

"விழுந்துருச்சுங்க. நீங்க முன்ன சொல்லிக் குடுத்தாப்பலயே பாத்துக்கிட்டமுங்க."

"அப்பறமும் நான் போன் பண்ணுனனே. ஏன் சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க. பனியில, அம்புட்டு அவசரத்துல ஓடி வந்தீங்க. மாடு நல்லா இருக்குதுன்னு சொன்னது நெசந்தானுங்களே சார்." பிறகு, மகளைப் பற்றி நான் கேட்காமலேயே, "அவகிட்ட இன்னும் சொல்லலீங்க" என்றார்.

காய்ச்சல் ஒரு நாள் முன்னால் இறங்கியிருந்தால் கன்று தங்கியிருக்குமா? இந்த நோயில் சினை கலைவது உண்டு, முன்னாலேயே கலைய ஆரம்பித்தும் இருக்கலாம். டாக்டராக எனக்குத் தெரியும். அந்த நாலரை மணி வெளிச்சமும் மூன்று கிலோமீட்டரும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அழுகை வரும் போலிருந்தது. வழக்கம்போல அது கோபமாக வந்தது. "சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானேம்மா!" என்று கத்தினேன். அவர் "சரிங்க சார்" என்றார்.

திரும்பும் வழியில் ஒண்டிக்கடையில் டீக்கு நிறுத்தியபோது மேலதிகாரி போன் செய்தார். மாத அறிக்கைக்காக.

"மலையில எப்படிய்யா, எல்லாம் ஓகேயா?"

"நல்லா இருக்குதுங்க சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனை வைத்தேன். முருகேசன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் திரும்ப அதே நம்பரைப் போட்டேன்.

"சார், கிளியூர்ல ஒரு மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல். ஸ்லைடு எடுக்கறதை நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே போயிருக்கோணும், போகல. ஏழு மாசக் கன்னு போயிருச்சு. அதையும் எழுதி அனுப்பறனுங்க."

அவர் அன்பாகவே சொன்னார்.

"அதெல்லாம் எதுக்குய்யா? மாடு பொழைச்சிருச்சுல்ல? ரிப்போர்ட்டு சுத்தமா இருக்கட்டும்."

"சரிங்க சார்" என்றேன்.

அறிக்கையில் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.